டர்பன் கிளப்புக்கு ஹெட்போன்: எது தாங்கும், எது தாங்காது

ஹெட்போன் விளம்பரம் எதை எடுத்தாலும் முதல் வரியிலேயே பேஸ் பேச்சுதான். ஆனால் கிளப் பூத்துக்குள் நிற்கும் டிஜேவுக்கு அந்த பேஸால் பெரிய பிரயோஜனம் கிடையாது. சப்வூஃபர் பக்கத்திலேயே அதிர்ந்துகொண்டிருக்கும், நெஞ்சுக்கூட்டு வழியாகவே பேஸ் உள்ளே வந்துவிடும். அடுத்த பாட்டைச் சேர்க்கும்போது காது தேடுவது கிக் விழும் அந்த 'டக்', ஸ்நேர், ஹைஹேட், ஷேக்கர் மாதிரி தாள ஒலிகளைத்தான்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இது இன்னும் கறாரான தேவை. 2010ஐ ஒட்டி இந்த ஊர் டவுன்ஷிப்புகளில் உருவான கோம் இசை, ஹவுஸ் மாதிரி எண்ணி வைத்தாற்போல் நான்கு கிக் போடாது. தாளம் உடைந்து உடைந்து விழும். இன்னொரு தென்னாப்பிரிக்க நடன இசையான அமாப்பியானோவில் லாக் ட்ரம் என்ற பேஸ் ஒலி அடிக்கு முன்னும் பின்னும் தாவும். அதைப் பிடித்துக்கொண்டு பீட்மேட்ச் பண்ணினால் (இரண்டு பாட்டின் தாளத்தையும் ஒன்றாகப் பொருத்தினால்) கை நிச்சயம் தடுமாறும். அங்கே நேரம் சொல்வது ஷேக்கர். டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளின் கல்யாண ஹால்களில் குத்துப் பாட்டு போடுபவருக்கு வேறு சிக்கல். ஆட்களே உட்கார்ந்து வாசித்துப் பதிவான பழைய திரைப்பாடல்களில் வேகம் ஒரே சீராக இருக்காது, சரணத்தில் லேசாக ஓடும். பாட்டு முழுக்க ஒரு காதில் கியூவை (ஹெட்போனில் மட்டும் கேட்கும் அடுத்த பாட்டை) கேட்டுக்கொண்டே, வேகத்தை மாற்றும் பிட்ச் ஃபேடரைத் திருத்த வேண்டியிருக்கும். ஆகவே நடு ஒலியும் மேல் ஒலியும் சத்தத்துக்கு நடுவே தெளிவாகக் கேட்கிறதா, நாலைந்து மணி நேரம் ஒரு காதில் வைத்து வைத்து எடுத்தாலும் உடையாமல் இருக்கிறதா, உடைந்தால் அந்த ஒரு பாகம் மட்டும் தனியாகக் கிடைக்கிறதா என்ற வரிசையில் பார்க்க வேண்டும். பேஸ் அதற்கெல்லாம் பிறகு.

புளூடூத் வேண்டாம். சாதாரண புளூடூத் ஹெட்போனில் ஒலி 150 முதல் 250 மில்லிசெகண்ட் பிந்தி வரும். 112 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 112 அடி) ஓடும் அமாப்பியானோவில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளியே 536 மில்லிசெகண்ட்தான். மூன்றில் ஒரு பங்கு தாமதத்தை வைத்துக்கொண்டு எந்தக் கையாலும் கலக்க முடியாது. நாய்ஸ் கேன்சலிங்கும் இந்த வேலைக்கு ஆகாது. விமான இரைச்சலுக்குச் செய்த அந்த சர்க்யூட் கிளப் பேஸில் திணறி, ஒலியை அமுக்கி அமுக்கி விடும். பின்பக்கம் திறந்த ஸ்டுடியோ ஹெட்போனைப் பற்றிப் பேசவே வேண்டாம், வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும். பின்பக்கம் மூடிய, கேபிள் உள்ள ஹெட்போன் மட்டும்தான் கணக்கில்.

அடுத்தது 'ஓம்' குழப்பம், அதாவது ஹெட்போனின் மின்தடை அளவு. ஓம் அதிகம் என்றால் சத்தம் குறைவு என்று கடைக்காரரே சொல்வார். பாதி உண்மை அது. மிக்சரின் ஹெட்போன் அவுட் கொடுப்பது வோல்டேஜ், ஆகவே ஒரு வோல்ட்டுக்கு எத்தனை டெசிபெல் என்றுதான் ஒப்பிட வேண்டும். சென்ஹைசர் எச்டி 25 எழுபது ஓம், ஒரு வோல்ட்டுக்கு 120 டெசிபெல். ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ் 38 ஓம், ஆனால் அதன் அட்டையில் இருக்கும் 99 டெசிபெல் ஒரு மில்லிவாட்டுக்கான கணக்கு. 38 ஓமில் ஒரு வோல்ட் என்றால் 26 மில்லிவாட், அதாவது 14 டெசிபெல் கூடும், மொத்தம் 113. ஓம் அதிகமான எச்டி 25தான் 7 டெசிபெல் அதிகச் சத்தம் தருகிறது. அட்டையில் டெசிபெல் எண்ணைப் பார்த்ததும் பக்கத்தில் மில்லிவாட் போட்டிருக்கிறதா, வோல்ட் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றை மற்றொன்றோடு அப்படியே ஒப்பிட்டு ஏமாறுபவர்கள் நிறைய.

சத்தம் கூடுதலாகக் கிடைப்பதை வால்யூம் ஏற்றும் அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேலையிடத்தில் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபெல் என்பது எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகும் என்ற கணக்குப்படி 100 டெசிபெல்லில் கால் மணி நேரத்துக்கு மேல் காது தாங்காது. பூத்தில் 100 என்பது ஒன்றும் அபூர்வமில்லை. வெளிச்சத்தத்தை நன்றாக அடைக்கும் ஹெட்போன் இருந்தால் கியூ வால்யூமைக் குறைத்து வைக்கலாம், காதுக்கு லாபம் அங்கேதான். திறந்திருக்கும் காதில் எல்லா ஒலியையும் சமமாக 15 டெசிபெல் குறைக்கும் இசைக்கலைஞர் இயர்ப்ளக் போட்டுக்கொண்டால் தாளம் கெடாது, தெளிவு கூடவும் செய்யும். ஹெட்போன் வாங்க ஒதுக்கிய பணத்தில் கொஞ்சம் இதற்கும் எடுத்து வையுங்கள்.

இனி ஒவ்வொன்றாக.

எச்டி 25 வந்தது 1988இல். இன்றைக்கும் பூத்துக்குப் பூத் கண்ணில் படுவதற்குக் காரணம் அதன் ஒலி மட்டுமல்ல, கட்டுமானமும்தான். கேபிள் இல்லாமல் 140 கிராம். காதை முழுக்க மூடாமல் காதின் மேல் உட்காரும் வகை. தலைப்பட்டை இரண்டாகப் பிரியும்: பிரித்து வைத்தால் பிடிப்பு இறுகும், சேர்த்து வைத்தால் தளரும். ஒரு பக்கக் கிண்ணம் காதைவிட்டுப் பின்னால் திரும்பும், அதனால் ஒற்றைக் காதில் கேட்பதற்குத் தோளையும் கழுத்தையும் வளைக்க வேண்டாம். ஷேக்கரும் ஹைஹேட்டும் முன்னால் வந்து நிற்கும் ஒலி இதற்கு. கோம், அமாப்பியானோ இரண்டுக்கும் அதுதான் வேண்டும்.

இதில் கழற்ற முடியாத பாகம் என்று எதுவும் இல்லை. இயர்பேட், தலைப்பட்டையின் மெத்தை, கேபிள், கிண்ணத்துக்குள் இருக்கும் ஸ்பீக்கர் கேப்ஸ்யூல் எல்லாமே தனித்தனியாக விற்கிறார்கள். கேபிள் ஒவ்வொரு கேப்ஸ்யூலிலும் இரண்டு பின்னோடு செருகியிருக்கும், சால்டரிங் தேவையில்லாமல் இழுத்து எடுக்கலாம். இழுக்கும்போது வயரைப் பிடித்து இழுக்காமல் செருகியையே பிடிக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. வெளிச்சத்தத்தை அடைப்பது காதை அழுத்துவதால்தான், ஆகவே இரண்டு மணி நேரத்தில் காது மடல் வலிக்கும். மூக்குக் கண்ணாடி போடுபவருக்கு வலி சீக்கிரமே வரும். கேபிள் ஒரு பக்கத்தில் மட்டும் இறங்கும், மறுபக்கத்துக்கான வயர் தலைப்பட்டையை ஒட்டி மேலே ஏறிப் போகும். ஹெட்போனைப் பைக்குள் திணிக்கும்போது கொக்கியில் மாட்டி அறுவது அந்த வயர்தான். உயரம் மாற்றும் வழுக்குப் பட்டை வருடக்கணக்கான உபயோகத்தில் தளர்ந்து தானாக இறங்க ஆரம்பிக்கும். சாதாரண மாடலோடு வரும் கேபிள் ஒன்றரை மீட்டர் நேர் கேபிள், பூத் மேஜை உயரமாக இருந்தால் போதாது. எச்டி 25 பிளஸ் என்ற பெட்டியில் ஒன்றிலிருந்து மூன்று மீட்டர் வரை நீளும் சுருள் கேபிளும் வெல்வெட் போன்ற வெலூர் பேடும் கூடவே வரும். வெலூர் வியர்வைக்கு இதம், ஆனால் சத்தத்தை அடைப்பது குறையும். கிளப்பில் மழமழப்பான பேடையே போட்டுக்கொண்டு, வெலூரை வீட்டுப் பயிற்சிக்கு வைத்துக்கொள்வது நல்லது. எச்டி 25 லைட் என்று மலிவாக ஒன்று இருக்கிறது. அதில் தலைப்பட்டை பிரியாது, கிண்ணம் திரும்பாது. பெயரைப் பார்த்து ஏமாந்து அதை வாங்க வேண்டாம், டிஜேவுக்கு வேண்டிய இரண்டு அம்சங்களும் அதில் இல்லை.

எம்50எக்ஸ் காதை முழுக்க மூடும் ஸ்டுடியோ வகை. 45 மி.மீ. டிரைவர் (உள்ளே ஒலி எழுப்பும் ஸ்பீக்கர்), 285 கிராம். கிண்ணம் 90 பாகை திரும்பும், மடங்கும். பெட்டிக்குள் மூன்று கேபிள் இருக்கும்: 1.2 மீட்டர் நேர், 3 மீட்டர் நேர், 1.2இலிருந்து 3 மீட்டர் வரை நீளும் சுருள். கல்யாண ஹாலில் ஆறு மணி நேரம் நின்றாலும் காது வலிக்காது. ஆனால் டர்பன் ஜனவரி மாதப் புழுக்கத்தில், ஏசி சரியாக ஓடாத ஹாலில், காதைச் சுற்றி வியர்வை குளமாகக் கட்டும். பேஸ் சற்றுத் தூக்கலாக இருப்பதால் லாக் ட்ரம் ஷேக்கரை மூடுவது போலவும் இருக்கும். கேபிளின் ஹெட்போன் முனை 2.5 மி.மீ., உள்ளே விட்டுத் திருகிப் பூட்டும் அமைப்பு. கடையில் கிடைக்கும் சாதாரண 2.5 மி.மீ. கேபிள் அதில் பூட்டாது. ஆட்டத்துக்கு நடுவே அறுந்தால் பக்கத்து ஃபோன் கடையில் மாற்று கிடைக்காது என்பதால் பெட்டியோடு வந்த மூன்றில் ஒன்று எப்போதும் பையில் இருக்க வேண்டும். எம்40எக்ஸ் இதன் தம்பி, 40 மி.மீ. டிரைவர், 35 ஓம், அதே பூட்டும் கேபிள். பேஸ் தூக்கல் குறைவு என்பதால் கியூ பார்க்க எம்40எக்ஸே மேல், விலையும் குறைவு. அதே வரிசையில் இன்னும் மலிவான எம்20எக்ஸ், எம்30எக்ஸ் இரண்டிலும் கேபிளைக் கழற்ற முடியாது, அவற்றைத் தொட வேண்டாம்.

பயனியர் டிஜேயின் எச்டிஜே-கியூ1 ஆரம்பிப்பவருக்கு ஏற்றது. காதின் மேல் உட்காரும், 40 மி.மீ. டிரைவர், 32 ஓம், கழற்றக்கூடிய சுருள் கேபிள். மாற்று பேடும் கேபிளும் வேறு வேறு நிறங்களில் தனியாக வருகின்றன. எச்டி 25 அளவுக்குச் சத்தத்தை அடைக்காது. சின்ன பார், பிறந்தநாள் விருந்து என்றால் தாராளமாகப் போதும். டர்பனின் இரவு வாழ்க்கைத் தெருவான ஃப்ளோரிடா ரோடு சனிக்கிழமை இரவுக்குப் போதுமா என்றால், பூத் மானிட்டர் (டிஜே கேட்பதற்கான ஸ்பீக்கர்) சுமாராக இருக்கும் இடத்தில் திணறும். இதன் புளூடூத் வடிவமும் உண்டு. கலக்கும்போது அதிலும் கேபிளைத்தான் மாட்ட வேண்டும்.

சோனி எம்டிஆர்-7506ஐப் பலர் மலிவு என்று சிபாரிசு செய்வார்கள். குரலும் ஸ்நேரும் கண்ணாடி மாதிரி கேட்கும் என்பது உண்மை. ஆனால் சுருள் கேபிள் நிரந்தரமாகப் பதிந்தது, கிண்ணத்துக்கு மேலே வயர் வெளியே தெரியும். ஸ்டுடியோ மேஜையை விட்டு அசையாத ஹெட்போனுக்கு அது குறையே இல்லை. கிளப் பைக்குள் தினம் போய் வருவதற்கு அது செய்யப்படவில்லை. டென்மார்க் கம்பெனியான ஏஐஏஐஏஐயின் டிஎம்ஏ-2 முழுக்க முழுக்கப் பாகம் பாகமாகக் கழற்றி மாட்டும் வகை: பட்டை, ஸ்பீக்கர், பேட், கேபிள் ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து வாங்கலாம். யோசனை அருமை. பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தால் அந்தக் காத்திருப்பையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கையில் 1,500 ரேண்டுதான் என்றால், பெயர் தெரியாத புது ஹெட்போனைவிடப் பழைய எச்டி 25 ஒன்றைப் பார்த்து வாங்கி, புது பேட் போட்டுக்கொள்வது மேல். பழையது வாங்கப் போகும்போது ஒரு சாதாரண மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள். பிளக்கில் மூன்று பகுதி இருக்கும்: நுனி இடது காது, நடு வளையம் வலது காது, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட். நுனிக்கும் அடிக்கும் நடுவே அளந்தால் ஏறக்குறைய அட்டையில் உள்ள ஓம் வரும். வளையத்துக்கும் அடிக்கும் அதே எண் வர வேண்டும். இரண்டும் ஓரிரு ஓமுக்கு மேல் வித்தியாசப்பட்டால் ஒரு பக்க கேப்ஸ்யூல் மாற்றியது அல்லது கெட்டுக்கொண்டிருப்பது. அளக்கும்போதே கேபிளைப் பிளக்கின் கழுத்திலும் கிண்ணத்துக்குள் நுழையும் இடத்திலும் வளைத்துப் பாருங்கள். எண் குதித்தால் உள்ளே வயர் அறுந்திருக்கிறது.

கேபிள் கோளாறில் எல்லாரையும் குழப்பும் ஒன்று உண்டு. இரண்டு காதிலும் ஒலி வரும், ஆனால் கிக்கும் பேஸும் பாடகர் குரலும் மாயமாகி, எதிரொலியும் ஓரத்து வாத்தியங்களும் மட்டும் மெலிசாகக் கேட்கும். டிரைவர் போய்விட்டது என்று நினைத்து ஹெட்போனையே தூக்கிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். போனது கிரவுண்ட் வயர் மட்டும்தான். கிரவுண்ட் இல்லாதபோது இரண்டு ஸ்பீக்கரும் தொடராக இணைந்து, இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் ஒலிக்கும். நடுவில் சமமாகப் பதிந்த கிக்கும் குரலும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். மல்டிமீட்டரில் நுனி-அடி, வளையம்-அடி இரண்டும் எதுவும் காட்டாமல், நுனி-வளையம் மட்டும் இரு மடங்கு ஓம் காட்டினால் சந்தேகமே வேண்டாம். பிளக்கிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளி வெட்டிவிட்டுப் புது பிளக் சால்டர் பண்ணினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஹெட்போன் வயரின் மெல்லிய இழைகள்மேல் நிறமாகத் தெரிவது அரக்குப் பூச்சு. அது எரிந்து போகும்வரை சூடான இரும்பில் ஈயத்தோடு வைத்துப் பிடிக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் ஒட்டினால் ஒட்டியது போல இருக்கும், மின்சாரம் போகாது.

பேஸ் அடிக்கும்போது ஒரு காதில் மட்டும் 'ஸ்ர்ர்' என்று கரகரத்தால் அதையும் டிரைவர் கிழிந்தது என்று முடிவு கட்டாதீர்கள். பேடையும் அதன் கீழே உள்ள பஞ்சு வட்டத்தையும் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஓட்டை வழியே இறங்கிய ஒரு தலைமுடி சவ்வைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒட்டும் டேப்பின் நுனியால் எடுத்தால் போதும், ஊதக் கூடாது, ஊதினால் உள்ளே போகும்.

பேட் உரிவதற்கு டர்பன் காற்றே பாதிக் காரணம். செயற்கைத் தோலில் இருக்கும் பாலியூரித்தேன் ஈரப்பதத்தில் மெல்ல மெல்லச் சிதையும். உபயோகிக்காமல் அலமாரியில் வைத்தாலும் சிதையும், ஆகவே மலிவாகக் கிடைக்கிறது என்று நாலு ஜோடி வாங்கி அடுக்குவது வீண். கறுப்புத் துகள் காதோரம் ஒட்ட ஆரம்பித்ததும் மாற்றிவிடுங்கள். உரிந்த பேடில் இடுக்கு வழியே சத்தம் உள்ளே வரும், நீங்கள் வால்யூமை ஏற்றுவீர்கள். ஆட்டம் முடிந்ததும் ஈரத் துணியால் துடைத்து, காற்றாட விட்டு, பிறகு பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்க வேண்டும். பேடில் ஸ்பிரிட் தடவக் கூடாது, விறைத்து வெடிக்கும். பிளக்குக்கு மட்டும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைக்கலாம். கடலோர ஊரில் பிளக்கின்மேல் படியும் மங்கல்தான் கரகரப்புக்குப் பாதிக் காரணம்.

மிக்சரின் பெரிய துளைக்கு மாட்டும் 6.3 மி.மீ. அடாப்டர், பிளக்கில் திருகிப் பூட்டும் வகையாக இருக்கட்டும். வெறுமனே செருகும் வகை என்றால் ஹெட்போனை உருவும்போது அடாப்டர் மிக்சருக்குள்ளேயே நின்றுவிடும், அடுத்த டிஜே வந்து இடுக்கி தேடுவார்.

கடையில் சோதிக்கும்போது உங்கள் ஃபோனிலிருந்து ஷேக்கர் நன்றாகக் கேட்கும் ஒரு அமாப்பியானோ பாட்டைப் போட்டு, ஒலிப்பெருக்கிகள் ஓடும் மூலையில் நின்று, ஒற்றைக் காதில் கேளுங்கள். அமைதியான மூலையில் எல்லா ஹெட்போனும் நன்றாகத்தான் இருக்கும். இரண்டு கையாலும் பட்டையை அகல விரித்துப் பாருங்கள். கிண்ணமும் பட்டையும் சேரும் கீல் பிளாஸ்டிக்கா, உலோகமா, திருகாணி உண்டா என்று பாருங்கள். ஒட்டிய கீல் விரிசல் விட்டால் பசை நிற்காது, திருகாணி வைத்த கீலைச் சரிசெய்யலாம். பேட் கையாலேயே கழன்று மாட்டுகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

பெயர்பெற்ற மாடல்களுக்குப் போலிகள் சந்தையில் உண்டு. சமையலறைத் தராசு ஒன்று போதும்: எச்டி 25 கேபிளைக் கழற்றி வைத்தால் 140 கிராமை ஒட்டி வர வேண்டும், எம்50எக்ஸ் 285ஐ. ஓமையும் மீட்டரில் பாருங்கள். எழுபது என்று அச்சிட்டு உள்ளே முப்பத்திரண்டு காட்டினால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் கடையில் வாங்குபவருக்கு 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பெரிய துணை. பொருள் கையில் வந்து 6 மாதத்துக்குள், உங்கள் தவறால் அல்லாமல் கெட்டால், பழுது பார்த்துத் தருவதா, மாற்றித் தருவதா, பணம் திருப்பித் தருவதா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள்தான், கடைக்காரர் அல்ல. பழுது பார்த்த பிறகு 3 மாதத்துக்குள் அது சரியாகவில்லை என்று தெரிந்தாலோ வேறு கோளாறு வந்தாலோ, மாற்றுப் பொருளோ பணமோ தந்தாக வேண்டும். கேபிள் அறுந்தால் "அது உபயோகத்தில் தேய்வது" என்று மறுப்பார்கள். கழற்றும் கேபிள் இருந்தால் அந்த வாக்குவாதமே சின்னதாகிவிடும். ஆன்லைனில் வாங்கியதைக் கிடைத்த 7 நாளுக்குள், காரணம் சொல்லாமலே திருப்பலாம், அனுப்பும் செலவு உங்களுடையது. அதிகாரபூர்வ விநியோகஸ்தர் வழியே வராத இறக்குமதிச் சரக்கை விற்பவர், அதைத் தெளிவாக எழுதி ஒட்டியிருக்க வேண்டும். விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் அந்த அறிவிப்பைத் தேடுங்கள், கம்பெனி வாரன்டி அதற்கு இங்கே செல்லுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து நீங்களே வரவழைத்தால் 15 சதவீத வாட் வரியும் தபால் செலவும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், பெரும்பாலும் லாபம் கரைந்துவிடும். தனியாள் ஒருவரிடம் பழையது வாங்கும்போது இந்தச் சட்டம் உதவாது, அங்கே மல்டிமீட்டர்தான் வாரன்டி.

கிளப்பில் வாரம் தவறாமல் வாசிப்பவருக்கு எச்டி 25, கூடவே சுருள் கேபிள். கல்யாண ஹால்களில் நீண்ட நேரம் நிற்பவருக்கு எம்40எக்ஸ். இரண்டில் எது வாங்கினாலும் பணம் கட்டும் முன்பே அதே கடையில் "இதற்கு பேடும் கேபிளும் இருப்பு இருக்கிறதா, வரவழைக்க எத்தனை நாள் ஆகும்" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.